ஐம்பதுக்குப் பிறகும் வளர்பிறையே!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம், கோயம்புத்தூர். தலைப்பு: ‘ஐம்பதைத் தாண்டிய மனம் வளர்பிறையா? தேய்பிறையா?’ – ‘வளர்பிறையே’ அணியின் நிறைவுப் பேச்சு)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! தேய்ந்துகொண்டே வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பொங்கலும் அதுவுமாக வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, அத்தனையையும் அப்படியே போட்டுவிட்டு இங்கே வந்திருக்கிற கோவை மாநகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! 

எங்கள் கொங்கு நாட்டில் ஒரு வழக்கம் உண்டு ஐயா. நாங்கள் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். “ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்குதுங்களா?” என்று கேட்போம். கேட்கிறவருக்குத் திட்டு விழுந்ததே வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். (சிரிப்பு) அதே மரியாதையோடு எதிரணியைக் கேட்கிறேன். ஏனுங்க, ஐம்பது வயசானா மனுசன் மூளை தேஞ்சு போயிடும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவர் என் அப்பா” என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். தம்பி, உங்கள் அப்பா தேடினது கண்ணாடியை. நீங்கள் நேற்றைக்கு கையில் செல்போனை வைத்துப் பேசிக்கொண்டே “என் போனைக் காணோம்”னு தேடினீங்களே, உங்களுக்கு என்ன ஐம்பதா ஆச்சு? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து வந்த அக்கா ஒரு பழமொழியை எடுத்து வீசினார். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ ஐயா, இந்த ஒரு பழமொழி நம் வீடுகளில் செய்திருக்கிற கொடுமைக்கு அளவே இல்லை. ஐம்பத்தைந்து வயது அம்மா, “கண்ணு, எனக்கும் கொஞ்சம் கார் ஓட்டச் சொல்லிக் குடேன்” என்று கேட்டால், “உனக்கெதுக்கும்மா இந்த வயசுல?” என்கிறோம். ரிட்டையர் ஆன அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், “அப்பா, எதையாவது அமுக்கித் தொலைச்சிராதீங்க” என்கிறோம். அது போகட்டும். ஒருவன் நாற்பத்தெட்டு வயதில் தொழிலில் அடி வாங்கி உட்கார்ந்திருந்தால், இந்தப் பழமொழியை அவனே தனக்குச் சொல்லிக்கொள்கிறான்: “இனிமே நான் என்னத்தை கத்துக்கப் போறேன்? என் கதை முடிஞ்சுது.” அங்கேதான் ஐயா இது விளையாட்டுப் பேச்சாக இல்லாமல் உயிர்ப் பிரச்சினையாக மாறுகிறது. அதனால்தான் நான் இன்றைக்கு இதைக் கொஞ்சம் விவரமாகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணி பேசியது புதிதல்ல. பெரிய பெரிய விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் அதைத்தான் சொன்னார்கள். ஸ்பெயின் நாட்டு மேதை சாந்தியாகோ ரமோன் இ காஹால், 1906-இல் நோபல் பரிசு வாங்கியவர், மூளை செல்களைப் படம் படமாக வரைந்து காட்டியவர். ‘வளர்ந்த மனிதனின் மூளையில் செல் சாகலாம், புதிதாகப் பிறக்காது’ என்பதுதான் அவர் காலத்து முடிவு. அறுந்த தோல் கூடுகிறது, உடைந்த எலும்பு ஒட்டுகிறது, மூளை மட்டும் பிறந்தபோது கொண்டு வந்த முதலை வைத்துக் கடைசி வரை செலவு செய்ய வேண்டும். வரவே இல்லாத கணக்கு! நம் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைவிடக் கஷ்டமான சேதி இருக்க முடியுமா ஐயா? (சிரிப்பு)

அந்தக் கணக்கில் முதலில் கை வைத்தவர் ஜோசப் ஆல்ட்மன். அமெரிக்காவில், 1962-இல். வளர்ந்த எலியின் மூளையில் புதுச் செல் பிறக்கிறது என்று எழுதினார். 1965-இல் இன்னொருவரோடு சேர்ந்து இன்னும் தெளிவாகச் சொன்னார். அந்த இன்னொருவர் பெயர் கோபால் தாஸ். பெயரைக் கேட்டாலே நம்ம வீட்டுப் பெயர் மாதிரி இல்லை? ஆனால் உலகம் அந்த இரண்டு பேர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. அப்புறம் 1980-களில் நோட்டிபாம் என்ற விஞ்ஞானி கேனரி என்கிற பாட்டுக் குருவியை ஆராய்ந்தார். வளர்ந்த குருவியின் மூளையில், பாட்டுக்கு என்று இருக்கிற இடத்தில், புதுச் செல்கள் வந்து சேர்வதைக் கண்டுபிடித்தார். அதற்கும், “குருவிக்கு சரி, மனுசனுக்கு?” என்று கேட்டார்கள்.

மனிதனுக்கு விடை 1998-இல் கிடைத்தது. சுவீடனில் பீட்டர் எரிக்சன், அமெரிக்காவில் ஃபிரெட் கேஜ். புற்றுநோய் வந்த சிலருக்கு, நோய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்க ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். புதிதாகப் பிறக்கிற செல்லில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிற மருந்து. புதுக் கன்றுக்கு அடையாளம் போடுகிற மாதிரி. அப்படி ஐந்து பேர் இறந்த பிறகு அவர்கள் மூளையை ஆராய்ந்தார்கள். உள்ளே அடையாளத்தோடு புது நரம்பு செல்கள் இருந்தன. அந்த ஐந்து பேரும் பச்சைக் குழந்தைகள் அல்ல ஐயா. ஐம்பதைத் தாண்டியவர்கள். சாவின் வாசலில் நின்றவர்கள். அந்த உடம்பிலும் மூளை புதுத் தளிர் விட்டுக்கொண்டிருந்தது! (கைதட்டல்)

எந்த இடத்தில்? மூளைக்குள் ‘ஹிப்போகேம்பஸ்’ என்று ஒரு பகுதி. கடல் குதிரை வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. புது விஷயத்தை மனதில் பதிய வைப்பது, வழியை ஞாபகம் வைப்பது எல்லாம் இதன் வேலை. மூளை முழுக்கச் செல் முளைக்கிறது என்று நான் கதை விடவில்லை. இந்த ஒரு சின்ன வயலில்தான் நாற்று முளைக்கிறது.

எவ்வளவு முளைக்கிறது என்று 2013-இல் சுவீடனின் யோனாஸ் ஃப்ரீசன் குழு கணக்குப் போட்டது. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், அதற்கு உதவியது அணுகுண்டு! 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசு நாடுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காற்றில் ஒரு வகைக் கார்பன் கூடிப் போனது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது வருஷா வருஷம் குறைந்தது. காற்றில் இருந்தது பயிருக்கு வந்தது, பயிரிலிருந்து நம் சோற்றுக்கு வந்தது, சோற்றிலிருந்து நம் செல்லுக்கு வந்தது. ஒரு செல் எந்த வருஷம் பிறந்ததோ, அந்த வருஷத்துக் கார்பன் அளவு அதற்குள் முத்திரை குத்தின மாதிரி நிற்கும். அதை வைத்துச் செல்லின் வயதைச் சொன்னார்கள். வளர்ந்த மனிதனுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 புதுச் செல்கள். உலகத்தை அழிக்க வெடித்த குண்டு, மனிதன் வளர்கிறான் என்பதற்குச் சாட்சி சொன்னது ஐயா! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் சும்மா விடவில்லை. “2018-இல் இதை மறுத்துக் கட்டுரை வந்ததே, அம்மா அதை மறைக்கிறாரா?” என்றார். மறைக்கவில்லை ஐயா. அமெரிக்காவில் ஒரு குழு தேடிப் பார்த்துவிட்டு, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு மனிதனிடம் புதுச் செல் எதுவும் கண்ணுக்குப் படவில்லை என்று அந்த வருஷம் எழுதியது உண்மை. அடுத்த சில வாரங்களிலேயே இன்னொரு குழு, எழுபது வயது தாண்டியவரிடமும் இருக்கிறது என்று எழுதியது. பெரிய சண்டையே நடந்தது. இறந்து எத்தனை மணி நேரம் கழித்து மூளையை எடுத்தார்கள், எந்த மருந்தில் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே முடிவு மாறுகிறது என்று ஸ்பெயின் நாட்டுக் குழு 2019-இல் காட்டியது. 2025 ஜூலையில் ஃப்ரீசன் குழு மறுபடி வந்தது. இந்த முறை புதுச் செல்லை மட்டுமல்ல, அதைப் பெற்றெடுக்கிற தாய்ச் செல்லையே பெரியவர்கள் மூளையில் காட்டியது. ஆளுக்கு ஆள் அளவு வித்தியாசப்படுகிறது. சிலரிடம் நிறைய, சிலரிடம் மிகக் குறைவு. வழக்கு இன்னும் முழுசாக முடியவில்லை. ஆனால் ‘முளைக்கவே முளைக்காது’ என்ற தீர்ப்பு செல்லாது என்பது என் வாதம்.

சரி, அது முளைத்தால் எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் கேட்காமல் இருந்தால் அது கோயம்புத்தூரே இல்லை. (சிரிப்பு)

மனசுக்கு ஒரு அடி விழுகிறது என்று வையுங்கள். உடனே உடம்பில் ‘கார்ட்டிசால்’ என்று ஒரு சுரப்பு ஊறுகிறது. அது எதிரி இல்லை. நாய் துரத்தினால் ஓட வைப்பதே அதுதான். ஓடி முடித்த பிறகு, “போதும், நிறுத்து” என்று பிரேக் போட வேண்டும். அந்த பிரேக் போடுகிற இடங்களில் முக்கியமான ஒன்று இந்தக் கடல் குதிரை. 2011-இல் எலிகளை வைத்து அமெரிக்காவில் பார்த்தார்கள். புதுச் செல் பிறக்காமல் தடுத்துவிட்ட எலியைக் கொஞ்ச நேரம் பயமுறுத்தினால், பயம் போன பிறகும் அந்தச் சுரப்பு சீக்கிரம் இறங்கவில்லை. புதுச் செல் உள்ள எலி சட்டென்று இயல்புக்குத் திரும்பியது. 2018-இல் இன்னொரு சோதனை. சாதுவான எலியை ஒரு சண்டைக்கார எலியோடு நாள்தோறும் விட்டார்கள். ஏன் சிரிக்கிறீர்கள், நான் யார் வீட்டையும் சொல்லவில்லை! (பலத்த சிரிப்பு) புதுச் செல் அதிகம் உள்ள எலி, அடி வாங்கினாலும் ஒடுங்கிப் போகவில்லை. மறுபடி வெளியே வந்தது, மற்ற எலிகளோடு பழகியது.

இன்னொரு வேலையும் இந்தப் புதுச் செல்லுக்கு உண்டு. நேற்று நடந்ததையும் இன்று நடப்பதையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டுவது. இதை நம் ஊர்க் கதையாகச் சொல்கிறேன். கடன்காரர் போன் செய்தார், திட்டினார். அது ஒரு நாள். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் போன் அடித்தாலும் நெஞ்சு படபடக்கிறது. மகள் கூப்பிட்டாலும் படபடப்பு, சிலிண்டர்க்காரர் கூப்பிட்டாலும் படபடப்பு. “இது வேறு போன், அது வேறு போன்” என்று பிரித்துச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. மன உளைச்சல் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் ஐயா.

நீண்ட நாள் உளைச்சல் என்ன செய்கிறது? இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். பக்கத்தில் பெங்களூரு. அங்கே தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திரா சட்டர்ஜி குழு 2002-இல் எலிகளில் காட்டியது: விடாத உளைச்சலில் கடல் குதிரைப் பகுதியின் நரம்புக் கிளைகள் சுருங்குகின்றன. ஆனால் பயத்துக்கு என்று இருக்கிற ‘அமிக்டலா’ பகுதியில் கிளைகள் பெருகுகின்றன! யோசித்துப் பாருங்கள். மூளை மொத்தமாகத் தேயவில்லை. நிதானம் தேய்கிறது, பயம் வளர்கிறது. களை எடுக்காத காட்டில் பயிர் வாடிக் களை செழிப்பதை நம் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டுமா?

இதை ஏன் கோவை மேடையில் பேசுகிறேன்? வெளியூர்க்காரர்கள் நம்மைப் பார்த்து, “உங்களுக்கென்னங்க, சிறுவாணித் தண்ணி, குளுகுளு காத்து, கையில காசு” என்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும். மில் சங்கு ஊதினால்தான் விடிந்தது என்று நம்பின ஊர் இது. சங்கு நின்ற பிறகு, முப்பது வருஷம் ஒரே மெஷினைப் பார்த்த கை என்ன செய்யும்? சோமனூரில், பல்லடத்தில் தறி நின்றால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். திருப்பூரில் ஆர்டர் வந்தால் தூக்கமில்லை, வராவிட்டாலும் தூக்கமில்லை. பொள்ளாச்சியில் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னையை வெள்ளை ஈயும் வேர் வாடலும் தின்னும்போது, அந்தத் தோட்டத்துக்காரர் யாரிடம் போய் அழுவார்? எங்க ஊரில் ஆம்பிளை அழமாட்டார் ஐயா. “ஒண்ணுமில்லீங்க, தலைவலி” என்பார். அந்தத் தலைவலிக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டிலிருக்கிறவர்கள் கேட்க வேண்டும்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். அந்த வயலில் நாற்று முளைக்க எது உரம்?

முதல் உரம், புதுச் சூழல். 1997-இல் கேஜ் குழு, வளர்ந்த எலிகளை வெறும் கூண்டிலிருந்து மாற்றிப் பெரிய கூண்டில் விட்டது. சக்கரம், குழாய், பொம்மை, கூட்டாளி எலிகள். அவற்றுக்குப் புதுச் செல்கள் கூடின. நம் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2009-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உளைச்சல் கொடுத்து ஒடுங்கிப் போன எலிகளை அப்படி ஒரு செழிப்பான சூழலில் விட்டார்கள். குறைந்து போயிருந்த செல் பிறப்பு மீண்டது, கெட்டுப்போன கற்கும் திறன் தேறியது. கவனியுங்கள் ஐயா: அடிபடாத எலி வளர்ந்ததில் பெரிய அதிசயம் இல்லை. அடிபட்ட எலி மீண்டது. எனக்கு அந்தச் சேதிதான் பெரிது. (கைதட்டல்)

இரண்டாவது உரம், உடம்பை அசைப்பது. ஓடுகிற எலிக்குப் புதுச் செல் கூடுவதை 1999-இல் காட்டினார்கள். மனிதனிடம் தலையைத் திறந்து எண்ண முடியாது. ஆனால் படம் எடுத்து அளக்கலாம். 2011-இல் அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரை 120 பேர். பாதிப் பேரை வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிஷம், ஒரு வருஷம் நடக்க வைத்தார்கள். அவர்களுடைய கடல் குதிரைப் பகுதி 2 சதவீதம் பெருத்திருந்தது. நடக்காமல் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. இங்கே ரேஸ்கோர்ஸில் காலையில் பார்த்தால் ஊரே நடக்கிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் 40 நிமிஷம் நடந்துவிட்டு 50 நிமிஷம் நெய் ரோஸ்ட் சாப்பிட்டால் அந்தக் கணக்கை எந்த விஞ்ஞானியும் ஆராய்ச்சி பண்ணவில்லை! (சிரிப்பு)

மூன்றாவது உரம் ரொம்ப முக்கியம். கூட்டம். 2006-இல் எலிசபெத் கூல்ட் குழு ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தது. கூட்டாளிகளோடு வாழ்கிற எலி ஓடினால் புதுச் செல் சீக்கிரம் கூடுகிறது. தனிமையில் அடைத்த எலி அதே தூரம் ஓடினாலும் அந்தப் பலன் உடனே கிடைக்கவில்லை, தள்ளிப் போகிறது. தனிமை, ஓட்டத்தின் பலனையே பிடித்து வைத்துக்கொள்கிறது!

புதிதாகக் கற்பது, உடம்பை அசைப்பது, கூடி இருப்பது. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் எங்கே வாங்கலாம்? கொங்கு நாட்டில் வைத்திருக்கிறோம் ஐயா. அதற்குப் பெயர் வள்ளிக் கும்மி! (பலத்த கைதட்டல்)

ஒரு காலத்தில் ஆண்கள் ஆடின ஆட்டம். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயா பெண்களையும் அழைத்துக் கற்றுக்கொடுத்தார். 2024-இல் 87 வயதில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்றைக்கு கோயில் மைதானங்களில், ஆறு வயதுப் பேத்தியும் அறுபது வயது அமுச்சியும் ஒரே நிறச் சேலையில் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். பாட்டை ஞாபகம் வைக்க வேண்டும், அடவை ஞாபகம் வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவளோடு கை சேர வேண்டும்.

என் சின்னம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பல்லடம் பக்கம். சித்தப்பா தறி வைத்திருந்தார். கடன் ஏறியது. ஒரு நாள் நெஞ்சுவலி, அதோடு முடிந்தது. சின்னம்மாவுக்கு 52 வயது. எட்டு மாதம் வாசல் தாண்டவில்லை. நான் மேலே சொன்னேனே, போன் அடித்தால் படபடப்பு, அது அவர்தான். டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை கொடுத்தார். பத்தாம் நாள், “இது எனக்குக் கேக்கல, நிறுத்திப்போடறேன்” என்றார். டாக்டர், “அம்மா, இந்த மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தக் கூடாது” என்று பொறுமையாகச் சொன்னார். ஏன் வாரக்கணக்கு? அதற்குச் சொல்லப்படுகிற ஒரு விளக்கம் என்ன தெரியுமா? இந்த வகை மருந்துகள் புதுச் செல் பிறப்பைத் தூண்டுகின்றன, பிறந்த செல் வளர்ந்து வேலைக்கு வர வாரங்கள் ஆகும். புதுச் செல் பிறப்பதைத் தடுத்துவிட்டால் எலியிடம் அந்த மருந்தே பலிக்கவில்லை என்று 2003-இல் காட்டியிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, “ஏனுங்கக்கா, நாங்க கும்மி பழகப் போறோம், சும்மா வந்து உக்காந்து பாருங்க” என்று கையைப் பிடித்து இழுத்தது. “தாலி இழந்தவ கும்மி அடிக்கிறாளா”ன்னு நாலு பேர் பேசுவார்களே என்று சின்னம்மா பயந்தார். அந்தப் பெண் என்ன சொன்னது தெரியுமா? “பேசறவங்க உங்க வட்டியைக் கட்டறாங்களாக்கா?” (நீண்ட கைதட்டல்) முதல் வாரம் கடைசி வரிசை. வலது கால் எடுக்கச் சொன்னால் இடது கால் வந்தது. மூன்று மாதம் கழித்து அரங்கேற்றம். நான் போய்ப் பார்த்தேன். முன் வரிசையில் என் சின்னம்மா. அடுத்த வாரம் அவரே பாங்குக்குப் போய், மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, “மாசம் இவ்வளவுதான் கட்ட முடியுமுங்க, எழுதிக்குங்க” என்று பேசிவிட்டு வந்தார். மூளையில் எத்தனை செல் முளைத்தது என்று எந்த மெஷினும் எண்ணவில்லை. மாத்திரையா, கும்மியா, பக்கத்து வீட்டுக்காரியா என்று பிரிக்கவும் முடியாது. மூன்றும் சேர்ந்துதான். ஆனால் ஐம்பத்திரண்டில் ஒரு மரம் வளைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

இதோ முடிக்கிறேன் ஐயா. நீங்கள் அடிக்கிற மணிக்குக் கார்ட்டிசால் ஊறுகிறது! (சிரிப்பு)

ஒரு எச்சரிக்கை மட்டும். நடந்தால் போதும், கும்மி அடித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. மனச்சோர்வு ஒரு நோய். சர்க்கரைக்கு வைத்தியம் பார்ப்பது போல இதற்கும் பார்க்க வேண்டும். ராத்திரி தூக்கம் வராமல், ‘இனி எதற்கு’ என்று நினைக்கிறவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், 14416 என்று ஒரு எண், அரசின் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தயவுசெய்து பேசுங்கள்.

வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவை, “நீங்க சும்மா உக்காருங்க” என்று பாசமாகச் சொல்கிறீர்கள். அந்தப் பாசம் ஒரு வெறும் கூண்டு. வேளா வேளைக்குச் சோறு உண்டு, தண்ணீர் உண்டு, வேறு ஒன்றும் இல்லை. வேண்டாம். கடைக்குப் போகட்டும், கணக்குப் பார்க்கட்டும், தப்புத் தப்பாகக் கம்ப்யூட்டரை அமுக்கட்டும். தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 105, அப்போதும் தோட்டத்தில் நின்றவர். நம் கோவை நானம்மாள் பாட்டி, 2018-இல் பத்மஸ்ரீ வாங்கியவர், தொண்ணூறு தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்தவர். அவர்களை யாரும் “சும்மா உக்காருங்க” என்று உட்கார வைத்திருந்தால், இந்த ஊருக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்குமா?

அமாவாசையன்று வானத்தைப் பார்த்துவிட்டு நிலா செத்துப்போச்சு என்று சொல்கிறவர் எதிரணி. நாளைக்கு மறுநாள் மேற்கே பாருங்கள், கீற்றாக ஒன்று தெரியும் என்று சொல்கிறவர்கள் நாங்கள். ஆகவே நடுவர் ஐயா அவர்களே, ஐம்பதைத் தாண்டிய மனம் வளர்பிறையே, வளர்பிறையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். 

(பலத்த கைதட்டல்)